டேமாவில் நின்றுபோன கேமரா

வியாழக்கிழமை மதியம், கேமரா டேமா துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை என்று கணவன் அங்கோமா வந்து சொன்னபோது, செர்வா முக்காலியின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வேலைக்காக. முக்காலி தயார், விளக்குகள் தயார், மைக் தயார். முக்காலிக்கு மேலே உட்கார வேண்டியதுதான் இல்லை.

"வெளிய வரலன்னா?"

"தீர்வை கட்டணுமாம்."

"அதுக்கும் சேர்த்துத்தானே லார்பிகிட்ட குடுத்தோம்? எல்லாம் அடக்கம்னு அவன்தானே சொன்னான்?"

"எல்லாம் அடக்கம்னா துறைமுகம் வரைக்குமாம். சரக்கு கரைல இறங்கிட்டா அப்புறம் நம்ம பாடாம். இப்ப சொல்றான்."

"எவ்வளவு?"

"பதினாறாயிரம் சேடி."

செர்வா துணியை உதறிக் கீழே போட்டாள். கீழ்த் தளத்துச் சிகையலங்கார நிலையத்திலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் படியேறி வந்தது. பதினாறாயிரம் இருக்கட்டும், அந்த நேரத்தில் இருவருடைய கைப்பேசிப் பணக் கணக்கையும் கவிழ்த்தால் வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது.

குமாசியில், பண்டாமா பக்கத்தில், அந்த மாடியறைதான் அவர்களுடைய தொழில். செர்வா படம் எடுப்பாள். அங்கோமா படத்தை வெட்டி ஒட்டுவான், கணக்குப் பார்ப்பான். கல்யாணம் வரும், சர்ச் விழா வரும். ஆனால் சோறு போடுவது சாவு வீடுதான். எங்கள் ஊரில் ஒரு மனிதன் செத்தால் சனிக்கிழமை அடக்கம், கறுப்பும் சிவப்புமாக ஊரே கூடும், யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அதெல்லாம் படத்தில் இல்லாவிட்டால் அடக்கமே நடக்காத மாதிரி.

போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தல் கிழிந்து, அவர்களுடைய பழைய கேமராவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வாராவாரம் அசாஃபோவில் போவாடு கடையில் வாடகைக்கு எடுத்தார்கள். வாங்கும் கூலியில் பாதி போவாடுவுக்கே போயிற்று. மிச்சத்தில் பெட்ரோல், மைக் ஆள், விளக்கு ஆள். கடைசியில் இவர்கள் இருவருக்கும் களைப்புத்தான் மிஞ்சியது.

சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவானபோது, அங்கோமா பழுப்புத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிச் செலவுத் திட்டம் போட்டான். அதில்தான் முதல் சண்டை.

"அடும் கடைத்தெருவுல பழசு கிடைக்கும். கைல இருக்கிற காசுக்கு அது போதும்" என்றாள் செர்வா.

"பழசு வாங்கினா ரெண்டு வருஷத்துல இன்னொரு பழசு வாங்கணும். ஒரே தடவை நல்லதா வாங்கிட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பார்க்க வேணாம்."

"அஞ்சு வருஷம் கழிச்சு நடக்கப்போறத இப்பவே பார்த்துட்டியா நீ?"

அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். போவாடுவுக்குக் கொடுக்கிற வாடகையை ஒரு வருடத்துக்குக் கூட்டினான். தொகையைப் பார்த்ததும் அவள் பழசுப் பேச்சை விட்டுவிட்டாள். துபாயிலிருந்து வரவழைத்தால் இங்கே விற்பதைவிட மலிவு. தலைநகர் அக்ராவில் லார்பி என்றொரு ஆள் இருக்கிறான், பலருக்கு வரவழைத்துக் கொடுத்திருக்கிறான். பழுப்புத் தாளில் கேமரா, இரண்டு லென்ஸ், நான்கு பேட்டரி, கார்டுகள், தண்ணீர் புகாத பை எல்லாம் ஏறின. பணம் சேரச் சேர டாலரும் ஏறியது. முதலில் இரண்டாவது லென்ஸை அடித்தான். அடுத்து பை. பிறகு பேட்டரி இரண்டாகக் குறைந்தது. அப்படியும் தொகை எட்டவில்லை.

அப்போதுதான் ஹாம்பர்க்கிலிருந்து குவார்ட்டெங் என்பவன் அழைத்தான். தாஃபோவில் அவனுடைய அம்மா இறந்துபோயிருந்தாள். அவனுக்கு அங்கே தங்குவதற்கான தாள்கள் இன்னும் கைக்கு வரவில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அம்மாவைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தில் செர்வாவின் வேலையைப் பார்த்திருக்கிறான். முழுக் கூலியையும் முன்னதாகவே அனுப்பிவிட்டான், கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே.

அந்தப் பணத்தில் கேமரா வாடகைக்கென்று ஒரு பங்கு இருந்தது. அங்கோமா அதில் கைவைக்கப் பார்த்தான். "நம்ம கேமராவே அதுக்குள்ள வந்துடும். அப்புறம் வாடகை எதுக்கு?" என்றான். செர்வா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி என்றாள். சுங்கத் தீர்வை என்று ஒரு வரி அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவனும் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது இருவரும் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றார்கள்.

"நீதான் கணக்குப் பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் தெரியுது துறைமுகத்துல தீர்வை உண்டுன்னு. உனக்குத் தெரியல?"

"லார்பி சொன்னத நம்பினேன்."

"அவன் மூஞ்சியையாவது பார்த்திருக்கியா?"

"குரல் நல்லாயிருந்துச்சு."

"குரல் நல்லாயிருந்துச்சாம்! அப்ப அந்தக் குரலையே முக்காலி மேல வச்சு நாளன்னைக்குப் படம் எடுக்கட்டா?"

செர்வா லார்பிக்கு அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். மூன்றாம் தடவை இணைப்பே இல்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அழைத்தார்கள். அங்கோமாவின் அண்ணன், தன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் காரணம் சொன்னான். செர்வாவின் தாய்மாமன் சுவாமேயில் உதிரி பாகக் கடை வைத்திருந்தார். "கேமரான்னா என்ன, லாரியா? லாரின்னா சொல்லு, குடுக்கறேன். கண்ணாடித்துண்டுக்கு நான் பதினாறாயிரம் குடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார். பொழுது சாய்ந்தபோது யாரும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அங்கோமா அக்ரா பஸ் ஏறிவிட்டான். நேரில் போய் லார்பியின் காலில் விழுந்தாவது பெட்டியை வெளியே எடுப்பது என்று. செர்வா அசாஃபோவுக்குக் கிளம்பினாள். போவாடு கடைக்குப் போக அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியாக வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்த அன்று, சந்தோஷத்தில் வாய் நீண்டு, "அண்ணே, இனிமே உங்க வாசலை மிதிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

டிரோட்ரோ வேன் கெஜெட்டியா சந்தையருகே நெரிசலில் நின்றபோது கைப்பேசி அடித்தது. ஹாம்பர்க் எண்.

"அக்கா, குவார்ட்டெங் பேசறேன். எல்லாம் ரெடியா?"

"ரெடிதான்."

"அம்மாவைக் கிடத்தி வைப்பாங்க இல்ல, காலைல? அப்ப முகத்தைக் கொஞ்சம் கிட்டக்க எடுங்க. வலது பக்கமா. இடது பக்கத்துல அவங்களுக்கு ஒரு தீப்புண் தழும்பு இருக்கு, போட்டோ எடுத்தா அதை மறைச்சுக்குவாங்க. வலது பக்கமா எடுத்தாதான் அவங்களுக்குப் பிடிக்கும்."

"எடுக்கறேன் தம்பி."

"குழியில இறக்குற வரைக்கும் எடுத்துடுங்க. நான் ஒரு பிடி மண்ணு போட முடியாது. கண்ணாலயாவது பார்க்கணும்."

"கண்டிப்பா."

பக்கத்தில் வாழைக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தது யாரு?" என்று கேட்டாள். செர்வா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

போவாடு கடையில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. சாவுக் காலம், சனிக்கிழமைக்கு எல்லாக் கேமராவும் போய்விட்டன. ஒன்றே ஒன்று மூலையில் இருந்தது, பிடியில் கறுப்பு நாடா சுற்றியது. போவாடு கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்! வாசலை மிதிச்சிட்டீங்களே. கால் வலிக்கலையா?"

"அண்ணே, நாளைக்கு எனக்கு ஒரு கேமரா வேணும்."

"துபாய்க்காரங்களுக்கு என் ஓட்டைக் கேமரா எதுக்கு?"

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் கேலி போய் வேறொன்று வந்திருந்தது. அதைப் பார்த்துச் செர்வாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வாடகைக்குப் பணம் இருக்கா?"

"வேலை முடிஞ்சதும் தர்றேன்."

"முழுக் கூலியும் முன்னாடியே வாங்கியாச்சுன்னு இப்பத்தானே சொன்ன? முடிஞ்சதும் யார் தருவாங்க?"

அவள் மூலையிலிருந்த கேமராவைப் பார்த்தாள்.

"தங்கச்சி, நான் கெட்டவன் இல்ல. கடைக்காரன். பெட்டி அங்க கிடக்கக் கிடக்கத் துறைமுகத்துல கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். உங்களால இன்னும் ஒரு மாசத்துக்கு அந்தத் தீர்வையைக் கட்ட முடியாது. கட்ட முடியறப்ப ரெண்டு மடங்கா நிக்கும். அப்புறம் ஏலம் போட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு எழுதிக் குடுங்க. தீர்வை நான் கட்டறேன். நீங்க போட்டதுல மூணுல ஒரு பங்கு கைல தர்றேன். நாளைக்கு இந்தக் கேமராவைச் சும்மா எடுத்துட்டுப் போ."

"மூணுல ஒரு பங்கா? அண்ணே, நாங்க ஒரு வருஷமா கறி மீனில்லாம சேர்த்தது."

"தெரியும். அதனாலதான் ஒரு பங்கு தர்றேன். வேற ஆளா இருந்தா அதுவும் தரமாட்டேன்."

அவள் வெளியே வந்து சுவரோரம் நின்று அங்கோமாவை அழைத்தாள். காற்றும் லாரிச் சத்தமுமாக இருந்தது அவன் பக்கம்.

"லார்பியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஏமாத்துக்காரன் இல்ல செர்வா. அவனும் நம்மளப் போலத்தான், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அவனே துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வந்தான். பெட்டியைப் பார்த்துட்டேன்."

"பார்த்துட்டியா?"

"வேலிக்கு அந்தப் பக்கம் கிடங்கு. கதவு திறந்திருந்துச்சு. நம்ம பேரு எழுதியிருக்கு. நல்லாத்தான் இருக்கு பெட்டி, ஒரு மூலைகூட நசுங்கல. தொடக்கூட விடல."

செர்வா போவாடு சொன்னதைச் சொன்னாள். ரசீது அவன் பெயரில் இருந்தது. அவன் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. அந்தப் பக்கத்தில் வெகுநேரம் லாரிகள்தான் பேசிக்கொண்டிருந்தன.

"அங்கோமா?"

"வேற வழியே இல்லையா?"

"அந்தப் பையன் இப்பத்தான் கூப்பிட்டான். அம்மா முகத்தை வலது பக்கமா எடுக்கச் சொல்றான். வேணும்னா நீயே அவன்கிட்ட சொல்லு, கேமரா இல்லன்னு. என்னால முடியாது."

"எழுதிக் குடு" என்றான் அவன். சட்டென்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை தாஃபோவில் அந்தக் குடும்பத்து வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. கிழவியைப் பித்தளைக் கட்டிலில், கென்டே துணி போர்த்தி, கழுத்திலும் கையிலும் தங்கம் பூட்டிக் கிடத்தியிருந்தார்கள். அழுகிற பெண்களின் குரல் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம். செர்வா வலது பக்கமாக நின்றாள். நாடா சுற்றிய கேமராவின் பிடி கையில் வழுக்கியது. அவள் நினைத்ததைவிட அந்த முகம் இளமையாக இருந்தது. தழும்பு தெரியாத அந்தப் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். மகன் பார்க்கட்டும், போதும் போதும் என்று பார்க்கட்டும். துணி மாற்றி வெள்ளைச் சரிகை உடுத்தியபோது மறுபடி எடுத்தாள்.

குடும்பத் தலைவர், ஜாம்ஃபி என்ற பெரியவர், அவள் தோளைத் தட்டினார். "பொணத்தையே எத்தனை நேரம் எடுப்ப? மொய் வைக்கிறவங்களையும் எடும்மா. அவங்க மூஞ்சி வரலன்னா அடுத்த சாவுக்கு எவனும் வரமாட்டான்."

"அது மதியம்தானே ஐயா, எடுத்துடறேன்."

சவப்பெட்டி கிளம்பும்போது பேட்டரி பாதிக்கு மேல் காட்டியது. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போதும் அப்படியே காட்டியது. பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியதும் திரை ஒரு முறை மினுக்கியது. அணைந்தது.

அவள் மாற்றுப் பேட்டரியைப் போட்டாள். போவாடு கொடுத்தபோது அதில் விளக்கு பச்சையாக எரிந்தது. இப்போது அது ஒரு மூச்சு விட்டுவிட்டுச் செத்தது. கழற்றித் தன் உள்ளங்கையில் தேய்த்தாள், பாவாடையில் துடைத்தாள், திரும்பப் போட்டாள். ஒன்றுமில்லை. ஆட்கள் கயிற்றைப் பெட்டிக்கு அடியில் விட்டார்கள். ஒலிபெருக்கிக்காரனின் வேன் சாலையில் நின்றது. அதில் மின்சாரம் இருந்தது. அவள் ஓடினாள், கல்லறைகளைத் தாண்டி, மாலைகளை மிதித்து. "அண்ணே, ஒரு இணைப்பு குடுங்க, ஒரே ஒரு நிமிஷம், கையெடுத்துக் கும்பிடறேன்!" அவன் கம்பியை நீட்டினான். அவள் சார்ஜரைச் சொருகி நின்றாள். அங்கே பாட்டு உயர்ந்தது. அழுகை உயர்ந்தது. பிறகு அழுகை தணிந்தது.

அவள் திரும்பி ஓடி வந்தபோது மண்வெட்டிகள் வேலையை முடித்திருந்தன.

மதியம் மொய் வைத்தவர்களை எடுத்தாள். எல்லோர் முகமும் வந்தது. ஜாம்ஃபிக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை அங்கோமா கணினி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறது, பாதிரியார் கையை உயர்த்துகிறார், அடுத்த கணம் பந்தலில் சாப்பாடு. அவன் அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்து அவள் காத்திருந்தாள். திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். அவன் திட்டவில்லை.

"நான் நாலு பேட்டரின்னு எழுதியிருந்தேன்" என்றான். "நான்தான் அடிச்சேன்."

"அது நம்ம கேமராவுக்கு. இது போவாடு கேமரா. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. எதையாவது சொல்லணும்போல இருந்துச்சு."

திங்களும் செவ்வாயும் அவன் தாஃபோவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். உறவுக்காரர்களின் கைப்பேசியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். சிலர் காட்டினார்கள், சிலர் "காசு வாங்கினவங்க நீங்க, எங்ககிட்ட வந்து கேக்கறீங்களா?" என்று வாசலிலேயே நிற்க வைத்தார்கள். கடைசியில் இறந்தவளின் அக்கா மகள் ஒருத்தியிடம் கிடைத்தது. பெட்டி இறங்குவது தெரிகிறது. ஆனால் பாதித் திரையை யாருடையதோ ஒரு சிவப்புச் சட்டைக் கை மறைத்துக்கொண்டிருக்கிறது. படம் ஆடுகிறது. பின்னால் யாரோ தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் குரல்.

அதைச் சேர்த்து அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் செர்வாவே அழைத்து உண்மையைச் சொன்னாள். வாடகைப் பணத்தை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும். குவார்ட்டெங் இடைமறிக்காமல் கேட்டான்.

"அப்ப நான் அனுப்பின காசுல கேமரா வாங்கியிருக்கீங்க" என்றான்.

"ஆமா தம்பி."

"அது இப்ப உங்ககிட்டயும் இல்ல."

"இல்ல."

"கோபப்படணும்னு நினைக்கறேன் அக்கா. நான் வேலைல நிக்கறேன், இங்க சத்தமா பேச முடியாது. அனுப்புங்க, பார்க்கறேன்."

போவாடு கொடுத்த மூன்றில் ஒரு பங்கிலிருந்து கல்லறைப் பகுதிக்கென்று ஒரு தொகையை அவள் அவனுக்குத் திருப்பி அனுப்பினாள். அவன் வாங்கிக்கொண்டான். படம் எப்படி இருந்தது என்று எழுதவே இல்லை. அவள் பல நாள் கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்தாள். அவன் படத்தைத் திறந்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

மாதக் கடைசியில் கேமராப் பெட்டி குமாசிக்கு வந்தது, போவாடு கடைக்கு. அதற்குள் வீட்டுக்காரர் மாடியறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அங்கோமா கணினியைத் தூக்கிக்கொண்டு போவாடு கடையின் பின்னறையில் போய் உட்கார்ந்தான். வார நாட்களில் அவருக்கு வெட்டி ஒட்டும் வேலை, சம்பளம் உண்டு. எங்களூரில் இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. முதல் வாரம் அவன் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை செர்வா அவனிடமிருந்து பெல்ட்டையும் வீட்டிலிருந்த பூச்சிமருந்து பாட்டிலையும் எடுத்து அண்டை வீட்டில் கொடுத்து வைத்தாள். அவன் அதைக் கவனித்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு கல்யாண வேலை செர்வாவுக்கு வந்தது. வாடகைக்கு எடுக்கப் போனாள். போவாடு உள்ளே போய் எடுத்து வந்தது அந்தப் புதுக் கேமரா. இரண்டாவது லென்ஸையும் மிச்ச இரண்டு பேட்டரியையும் அவர் வாங்கிச் சேர்த்திருந்தார்.

"பழசு குடுங்க, வாடகை குறைவு" என்றாள்.

"இதையே எடுத்துட்டுப் போ. பழசுக்குக் குடுக்கறதையே குடு. இந்தத் தடவை மட்டும்."

கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னறையிலிருந்து அங்கோமாவையும் அழைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். சாலையோரம் இலையில் பொதிந்த சோளமாவுக் கென்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். மிளகாய்த் துவையலோடு ஒன்று வாங்கி இருவரும் நின்றபடியே பிட்டுத் தின்றார்கள். அவன் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அதுதான்."

செர்வா வாயிலிருந்ததை விழுங்கினாள். "கைக்கு லேசா இருக்கு. மங்கின வெளிச்சத்துலகூட முகம் அப்படியே வருது. கறுப்புத் தோலு சாம்பலடிக்கல."

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்ப நல்ல கேமராவாத்தான் வாங்கியிருக்கோம்" என்றான் அங்கோமா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது போலும். அவன் வாய் கோணியது. முதலில் சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். கென்கேக்காரி இருவரையும் பார்த்துத் தானும் சிரித்தாள். அப்புறம் அவன் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்குவதைச் செர்வா பார்த்தாள். கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டு, துவையல் ஒட்டிய விரல்களோடேயே அவன் முதுகில் கையை வைத்தாள். டிரோட்ரோ வந்து நின்றது. நடத்துநர் "பண்டாமா! பண்டாமா!" என்று கூவினார். இரண்டு வண்டிகளை அவர்கள் போகவிட்டார்கள்.